எம்ஜிபி வாங்கப் போகிறீர்களா? இன்ஜினைக் கடைசியில் பாருங்கள்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் பார்க்கப் போகிறவர்கள் முதலில் பானெட்டைத்தான் திறக்கச் சொல்வார்கள். உள்ளே பளபளவென்று இருந்து, சாவி திருப்பியதும் உறுமினால் மனத்துக்குள் பேரம் அங்கேயே முடிந்துவிடும். எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் காரை வாங்குபவருக்கு இந்த வரிசை ஆகாது. அதன் 1798 சிசி பி-சீரிஸ் இன்ஜின் எளிமையானது. உதிரிபாகம் இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. விஷயம் தெரிந்த மெக்கானிக் பிரித்துக் கோத்துவிடுவார். காசைத் தின்பது பாடி.

1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் தயாரான இந்தக் காருக்கு சாஸி என்ற தனிச் சட்டகம் கிடையாது. பாடியேதான் சட்டகம். அது அரித்துப்போனால் மற்றதெல்லாம் ஆடும். அதனால் காகிதம், எண், பாடி, இன்ஜின், ஓட்டம், விலை என்ற வரிசையிலேயே இந்த வழிகாட்டி போகிறது. ஒரு படியில் தேறாத காருக்கு அடுத்த படி தேவையில்லை, திரும்பி வந்துவிடலாம்.

1. போகுமுன் தொலைபேசியிலேயே கேட்க வேண்டியவை

முதல் கேள்வி: கார் எந்தத் திட்டத்தில் பதிவாகியிருக்கிறது? குறைந்தது 35 வயதான கார்களைச் சிங்கப்பூர் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் கிளாசிக் வாகனத் திட்டத்தில் பதியலாம். எம்ஜிபி எல்லாமே அந்த வயதைத் தாண்டியவை. அந்தத் திட்டத்தில் ஆண்டுக்கு அதிகபட்சம் 45 நாள்தான் சாலையில் ஓட்ட முடியும். சாதாரணப் பதிவில் இருந்தால் நாள் கணக்கு கிடையாது, ஆனால் சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்) எப்போது முடிகிறது என்பது விலையையே மாற்றிவிடும். இது தெரியாமல் நேரில் போய் நிற்பது வீண்.

இரண்டாவது: கடந்த ஓராண்டில் எத்தனை நாள் ஓடியது? 45 நாள் ஓட்டம் என்றால் மீதி 320 நாள் கார் நின்றுகொண்டிருக்கிறது. சிங்கப்பூர் எம்ஜிபி ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவதுதான் அதிகம். பிரேக் பிடித்துக்கொள்ளும், கிளட்ச் தட்டு ஃப்ளைவீலோடு ஒட்டும், டயர் தேயாமலே கிழடாகும், பெட்ரோல் கெட்டு கார்ப்பரேட்டரை அடைக்கும். அந்த 45 நாளையும் பயன்படுத்திய கார், ‘ரொம்பப் பத்திரமா வச்சிருக்கேன், வெளியே எடுக்கிறதே இல்லை’ என்று சொல்லப்படும் காரைவிட நல்லது. விற்பவர் பெருமையாகச் சொல்லும் இந்த வாக்கியத்தை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது: ஓட்டிப் பார்க்க விடுவாரா? கிளாசிக் திட்டத்தில் நீங்கள் ஓட்டிப் பார்க்கும் நாளும் அவருடைய கணக்கில் ஒரு நாள். அவருடைய காப்புறுதி உங்களுக்குப் பொருந்துமா என்பதையும் கேட்டுவிடுங்கள். பொருந்தாவிட்டால் அவர் ஓட்ட, நீங்கள் பக்கத்தில் உட்கார வேண்டியதுதான்.

நான்காவது: நீங்கள் வரும்வரை இன்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லுங்கள். சூடாக்கி வைத்த இன்ஜின் பாதிக் குறையை மறைத்துவிடும்.

வெளிநாட்டிலிருந்து நேராக இறக்குமதி செய்யும் எண்ணம் இருந்தால் ஒன்று. சாதாரணப் பழைய கார்களை இங்கே கொண்டுவர மூன்று வயதுக்குக் குறைவாக இருக்க வேண்டும். 35 வயதைத் தாண்டிய கிளாசிக்குக்குத்தான் அதில் விலக்கு. அந்த நடைமுறை தனிக் கதை. முதல் கார் வாங்குபவர் ஏற்கெனவே இங்கே பதிவான காரைப் பார்ப்பதே நல்லது.

2. கையில் எடுத்துப்போக வேண்டியவை

துணி சுற்றிய சிறு காந்தம், டார்ச், பல் டாக்டர் வைத்திருப்பதுபோன்ற சின்னக் கண்ணாடி, மரப் பிடி போட்ட ஸ்க்ரூடிரைவர், படுக்க ஒரு விரிப்பு, வெள்ளைத் துணி. பெயிண்டின் தடிமன் அளக்கும் கருவி இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் காந்தம் போதும்.

பகலில் போங்கள். பலமாடி வாகன நிறுத்துமிடத்தின் மங்கலான வெளிச்சத்தில் பாடி பார்ப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு பார்ப்பதற்குச் சமம். கீழ்த்தளத்தில் கார் நின்றால் மேல்தளத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். மழை பெய்து நனைந்த காரைப் பார்க்காதீர்கள். தண்ணீர் எல்லாப் பெயிண்டையும் புதிதாகக் காட்டும்.

3. எண்கள்

பாடியைத் தொடுமுன் கார் எண்ணும் (நம்பர் பிளேட் அல்ல, தொழிற்சாலை கொடுத்த எண்) இன்ஜின் எண்ணும் பதிவு ஆவணத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் பெயர் மாற்றத்திலேயே சிக்கல். மேலே போக வேண்டாம்.

எம்ஜிபியின் எண்ணைப் படிக்கத் தெரிந்தால் விற்பவர் சொல்லும் கதையைச் சரிபார்க்கலாம். திறந்த ரோட்ஸ்டர் என்றால் ஜிஎச்என், கூரை போட்ட ஜிடி என்றால் ஜிஎச்டி. அடுத்து வரும் இலக்கம் காலத்தைச் சொல்லும். 3 என்றால் முதல் தலைமுறை, 4 என்றால் 1967க்குப் பிந்தியது, 5 என்றால் 1969க்குப் பிந்தியது. முன்னால் ஒய் சேர்ந்து ஒய்ஜிஎச்என் என்று வந்தால் அது ஆஸ்திரேலியாவில் கூட்டப்பட்ட கார். அது குறையல்ல, ஆனால் ‘ஆபிங்டனில் செய்தது’ என்று விற்றால் கேள்வி கேட்க வேண்டும்.

வி8 (எட்டு சிலிண்டர் இன்ஜின்) என்று சொன்னால் இன்னும் கவனம். தொழிற்சாலை செய்த வி8 எல்லாமே ஜிடி, மொத்தம் 2,591 மட்டுமே, எண் ஜிடி2டி1 என்று தொடங்கும். வி8 ரோட்ஸ்டர் என்று யாராவது காட்டினால் அது பிறகு மாற்றியது. ஓட்ட நன்றாக இருக்கலாம், ஆனால் தொழிற்சாலை வி8 விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது.

சந்தேகம் தீர ஒரு வழி உண்டு. இங்கிலாந்தின் கேடன் கிராமத்திலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகம் தயாரிப்புப் பதிவேடுகளிலிருந்து ஹெரிடேஜ் சான்றிதழ் தருகிறது. தயாரான தேதி, முதல் நிறம், இன்ஜின் எண், எந்தச் சந்தைக்குப் போனது எல்லாம் அதில் இருக்கும். விற்பவரிடம் இல்லையென்றால் கட்டணம் செலுத்தி வாங்கலாம்.

4. கதவின் இடைவெளி

காரிலிருந்து நாலைந்து அடி தள்ளி, பக்கவாட்டில் குந்தி உட்காருங்கள். கதவைச் சுற்றியுள்ள கோடு மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமா? கதவின் பின் விளிம்பில் மேலே நெருக்கி, கீழே அகன்றிருந்தால் பாடி நடுவில் தொய்ந்திருக்கிறது. ரோட்ஸ்டரில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கூரை இல்லாததால் முன்பாதியையும் பின்பாதியையும் பிடித்து வைத்திருப்பது கதவுக்குக் கீழே ஓடும் ‘சில்’ என்ற பெட்டித் தகடுதான்.

கதவைத் திறந்து மெல்ல விடுங்கள். கடைசி அங்குலத்தில் தூக்கிச் சாத்த வேண்டியிருந்தால் கீல் தேய்ந்திருக்கலாம், பாடி தொய்ந்திருக்கலாம். கதவைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆடினால் கீல். ஆடாமல் இடிக்கிறது என்றால் பாடி, அதாவது கெட்ட செய்தி.

கதவின் வெளித்தகட்டில், முக்கோணச் சிறு கண்ணாடிக்குக் கீழே செங்குத்தாக ஒரு மயிரிழை விரிசல் இருக்கிறதா பாருங்கள். எம்ஜிபிகளில் பழக்கமான வியாதி இது. அதற்காகக் காரை விடவேண்டியதில்லை. பட்டி என்ற நிரப்புப் பசை போட்டு மறைத்திருந்தால் வேறு எங்கெல்லாம் பட்டி இருக்கும் என்பதற்கு அது ஒரு துப்பு.

5. சில்: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

முழுச் சோதனைக்கு ஒரு மணி நேரம் இருந்தால் அதில் பாதியை இதற்குக் கொடுங்கள்.

சில் ஒற்றைத் தகடல்ல. உள் சில், வெளிச் சில், அடியில் இரண்டையும் சேர்க்கும் கோட்டைமதில் போன்ற வடிவுள்ள தகடு, இடையில் ஒரு நெடுந்தகடு எல்லாம் சேர்ந்த பெட்டி. வெளியே தெரிவது வெளிச் சில் மட்டும். அது பளிச்சென்று இருப்பதால் உள்ளே இருப்பதைப் பற்றி ஒன்றும் தெரியாது.

விரிப்பைப் போட்டுப் படுத்து டார்ச் அடியுங்கள். கதவுக்கு நேர்கீழே, சில்லின் அடிப்பகுதியில், கோட்டைமதில் மாதிரி ஏறி இறங்கும் விளிம்பு தெரிய வேண்டும். அந்த மேடு பள்ளத்தின் இடைவெளிகள் வழியாகத்தான் உள்ளே புகுந்த தண்ணீர் வடியும். ஸ்பாட் வெல்டிங்கின் வட்டப் புள்ளிகளும் வரிசையாகத் தெரிய வேண்டும். அப்படியில்லாமல் அடிப்பகுதி வழவழவென்று தட்டையாகவோ, கெட்டியான கறுப்புப் பூச்சுக்குள் மூடியோ இருந்தால், துருப்பிடித்த சில்லின்மேல் இன்னொரு தகட்டை ஒட்டவைத்திருக்கிறார்கள். பழையது உள்ளேயே அரித்துக்கொண்டிருக்கும், வடிய வழியில்லாததால் முன்னைவிட வேகமாக.

இந்த மூடிபோட்ட வேலையைக் கண்டுபிடிக்க இன்னோர் இடம்: முன் மட்கார்டின் கீழ்முனை, முன் சக்கரத்துக்கும் கதவுக்கும் இடையில். வெளிச் சில் மட்கார்டுக்கு உள்ளேயும் நீண்டு போகிறது. சரியாக மாற்ற வேண்டுமானால் போல்ட்டில் பொருத்திய முன் மட்கார்டைக் கழற்ற வேண்டும், பின் மட்கார்டின் அடியை அறுக்க வேண்டும். சோம்பல்பட்டவர்கள் கதவின் அகலத்துக்கு மட்டும் அறுத்து ஒட்டுவார்கள். மட்கார்டின் கீழே மட்கார்டும் சில்லும் சேருமிடத்தில் கோடு தெரிந்தால் நல்லது. கோடே இல்லாமல் ஒரே தகடுபோல் வழிந்தால் பட்டி பூசிய வேலை.

இனி காந்தம். சில்லின் முழு நீளத்துக்கும் மெல்ல நகர்த்துங்கள். பிடி விட்டுப்போகும் இடமெல்லாம் பட்டி. ஸ்க்ரூடிரைவரின் மரப் பிடியால் தட்டினால் நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், பட்டி தொப்பென்று சத்தம் தரும். முனையால் குத்த வேண்டாம், அது உங்கள் காரல்ல.

புதிதாகப் பார்க்க வருகிறவர்கள் தடுமாறுவதும் இங்கேதான். ஒரு தம்பியோடு கார்ப் பட்டறைகள் நிறைந்த சின் மிங்கில் ஒரு சிவப்பு ரோட்ஸ்டர் பார்க்கப் போயிருந்தேன். "அண்ணே, அடியெல்லாம் கறுப்பு கோட்டிங், புத்தம்புதுசு, துருவே இல்லண்ணே" என்றார். "எப்ப அடிச்சது?" என்று விற்பவரைக் கேட்டேன். போன மாதமாம். விற்பதற்கு முந்திய மாதம் அடித்த கறுப்புப் பூச்சுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. அப்படிப்பட்ட காருக்கு வெல்டிங் நடந்தபோது எடுத்த படங்கள் வேண்டும். இல்லையென்றால் சில் மாற்ற வேண்டிய கார் என்று வைத்தே விலை பேசுங்கள்.

கடைசியாக ஜாக். எம்ஜிபியில் ஜாக் வைக்கும் இடம் சில்லோடு சேர்ந்தே இருக்கிறது. விற்பவர் அனுமதித்தால் அவரையே அங்கே ஜாக் வைத்துத் தூக்கச் சொல்லுங்கள். தூக்கும்போது ஒருவர் கதவு இடைவெளியைப் பார்க்க வேண்டும். இடைவெளி கண்முன்னே மாறினாலோ, தகடு நெரியும் சத்தம் கேட்டாலோ உடனே நிறுத்துங்கள். ‘அந்த இடத்துல வைக்காதீங்க, ஆக்ஸில்ல வைங்க’ என்று அவர் சொன்னாலே பதில் கிடைத்துவிட்டது. ஜாக் மட்டும் தாங்கும் காருக்குக் கீழே தலையை விடாதீர்கள்.

6. மற்ற துரு இடங்கள், வேகமாக

சீட்டுக்குப் பின்னால் பேட்டரி பெட்டிகள். கம்பளத்தைத் தூக்கிப் பாருங்கள், ஆசிட் கசிந்து அரித்திருக்கும். பின்பக்க இலை ஸ்பிரிங் மாட்டுமிடம். முன் சக்கரத்துக்குப் பின்னால் சேறு தங்கும் மூலை. ஹெட்லைட்டைச் சுற்றி. கால்மிதிப் பக்கத் தரை, டிக்கியின் தரை. இவை துருப்பிடித்தால் செலவு, ஆனால் தாங்கக்கூடிய செலவு.

இங்கே உப்பு தூவும் பனிச்சாலை இல்லை என்பதால் துரு கம்மி என்று பலர் நினைக்கிறார்கள். பனி இல்லாவிட்டாலும் ஈரக்காற்று ஆண்டு முழுக்க உண்டு. நனைந்த காரைக் காற்றுப்புகாத பிளாஸ்டிக் உறைபோட்டு வாரக்கணக்கில் மூடிவைத்தால் உள்ளிருந்து துரு கிளம்பும்.

பெயிண்ட் கருவி இருந்தால் ஒவ்வொரு தகட்டிலும் நாலு இடத்தில் வையுங்கள். ஒன்றிரண்டு முறை பூசியது கவலையல்ல. 1,000 மைக்ரானைத் தாண்டினால் அது பெயிண்டல்ல, பட்டி. 1960களின் கார்களில் பானெட் அலுமினியம், அங்கே காந்தம் ஒட்டாது. பயந்துவிடாதீர்கள்.

7. இன்ஜின், குளிர்ந்த நிலையில்

இன்ஜின் பிளாக்கில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

சாவியை முதல் நிலைக்கு மட்டும் திருப்புங்கள். பின்பக்கத்திலிருந்து எஸ்யு தயாரிப்பான பெட்ரோல் பம்ப் டிக், டிக், டிக் என்று அடிக்கும். கார்ப்பரேட்டர் நிறைந்ததும் நின்றுவிட வேண்டும். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் எங்கோ பெட்ரோல் கசிகிறது, அல்லது பம்பின் வால்வு போயிற்று. மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் ஸ்டார்ட் செய்யவே வேண்டாம்.

ஸ்டார்ட் ஆனதும் புகையைப் பாருங்கள். நீலப் புகை எண்ணெய். சூடான பிறகும் வெள்ளைப் புகை விட்டால் ஹெட் கேஸ்கெட்டோ ஹெட்டின் விரிசலோ. எண்ணெய் மூடியின் உட்புறம் மயோனைஸ் மாதிரி படிந்திருந்தாலும் அதே சந்தேகம். ஆனால் அதிகம் ஓடாத காரில் வெறும் ஈரத்தாலும் அது படியும். அது ஒன்றையே வைத்து முடிவு செய்யாதீர்கள்.

எண்ணெய் அழுத்த மீட்டர் எம்ஜிபியில் உண்டு. நன்கு சூடானபின் ஓட்டத்தில் 50 முதல் 70 பிஎஸ்ஐ, நின்று சுழலும்போது 15க்குக் குறையாமல் இருந்தால் நிம்மதி. அடியில் ஒன்றிரண்டு சொட்டு எண்ணெய் வடிவது இந்த இன்ஜினின் சுபாவம். ‘ஒரு சொட்டுகூட ஒழுகாது’ என்றால் எண்ணெய் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பதினைந்து நிமிடம் நிறுத்திய இடத்திலேயே ஓடவிடுங்கள். நம் வெயிலில் ரேடியேட்டரின் உண்மை முகம் அப்போதுதான் தெரியும். பிறகு அணைத்து, பத்து நிமிடம் கழித்து மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். சூட்டில் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்ளும் கார் இங்கே மாட்டிக்கொள்ளும்.

8. ஓட்டிப் பார்ப்பது

1967க்கு முந்திய காரில் முதல் கியருக்கு, கியர் சத்தமில்லாமல் விழ உதவும் சிங்க்ரோ கிடையாது. நகரும்போது முதல் கியர் போட்டால் கரகரவென்று அரைக்கும். அது குறையல்ல, நின்றபின் போடுங்கள். இரண்டாவது கியர் அரைத்தால்தான் குறை.

முன்னும் பின்னும் மெதுவாக நகர்த்தும்போது ‘டொக்’ என்ற சத்தம் வந்தால் பல காரணம். கம்பிச் சக்கரம் போட்ட கார் என்றால் சக்கரத்தின் மையப் பற்கள் தேய்ந்ததா என்று பாருங்கள். அது ஆபத்து, சக்கரமும் ஹப்பும் சேர்த்து மாற்ற வேண்டும். மற்றபடி டிஃபரன்ஷியல் வாஷர் தேய்மானமாக இருக்கலாம், அதோடு நாள் ஓட்டலாம்.

ஸ்டியரிங் கனமாக, திரும்பியபின் தானாக நேராகாமல் இருந்தால், முன் சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னுக்குக் கிரீஸ் கண்டு நாளாயிற்று. ஓவர்டிரைவ் (வேகமாகப் போகும்போது இன்ஜின் சுற்றைக் குறைக்கும் கருவி) இருக்கும் காரில் நாலாவது கியரில் சுவிட்சைப் போட்டால் சுற்று சட்டென்று இறங்க வேண்டும். வேலை செய்யாவிட்டால் பலமுறை மின்கம்பிக் கோளாறுதான், ஆனால் விலை பேசும்போது அதைச் சொல்லத் தேவையில்லை.

பிரேக்கை ஒருமுறை அழுத்திப் பிடியுங்கள். ஒரு பக்கம் இழுத்தால் காலிப்பர் நின்று நின்று இறுகிவிட்டது.

9. சேகரிப்பவர் எதற்குக் கூடுதல் கொடுப்பார், எதற்குக் கொடுக்கக் கூடாது

எம்ஜிபி அரிய கார் அல்ல. ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். அரிது என்று சொல்லி விலை ஏற்றினால் நம்ப வேண்டாம். அரிதாக இருப்பது கலைக்காத, அரிக்காத பாடி.

1974இல் அமெரிக்க விதிக்காகக் கறுப்பு ரப்பர் பம்பர் போட்டு, காரையும் உயர்த்தினார்கள். அதற்கு முந்திய குரோம் பம்பர் கார்களைத்தான் சேகரிப்பவர்கள் தேடுகிறார்கள். ரப்பர் பம்பரைக் குரோமாக மாற்றிய கார்களும் உண்டு, கார் எண்ணும் தயாரிப்புத் தேதியும் அதைக் காட்டிக்கொடுக்கும். பார்க்க அழகுதான், ஆனால் குரோம் விலை கொடுக்காதீர்கள்.

1988 முதல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் பழைய அச்சுகளைக் கொண்டே புதிய எம்ஜிபி பாடி தயாரித்து விற்கிறது. அந்தப் பாடி போட்ட கார் ஓட்ட மிக உறுதியானது. அசல் வேண்டும் என்பவருக்கு மதிப்பு குறையும். எனக்குக் கேட்டால், அரித்த அசலைவிட ஆவணத்தோடு மாற்றிய ஹெரிடேஜ் பாடி மேல். மறைத்து மாற்றியது மட்டும் வேண்டாம்.

ரோட்ஸ்டரா ஜிடியா என்று கேட்பார்கள். சேகரிப்புச் சந்தை ரோட்ஸ்டரை விரும்புகிறது. இங்கே மத்தியான வெயிலிலும் நாலு மணி மழையிலும் ஓட்டிப் பார்த்தவர்கள் ஜிடியைச் சொல்வார்கள். பாடியும் விறைப்பு, விலையும் குறைவு.

10. விலை பேசுவதும் வாங்கியதும்

இரண்டு நாள் தள்ளிப் பேசுங்கள். பிடித்த காரென்றால் பட்டறையில் லிஃப்ட்டில் ஏற்றிப் பார்க்க அந்த இடைவெளியைப் பயன்படுத்தலாம். விகாம், எஸ்டிஏ போன்ற சோதனை மையங்களிலும் வாங்குமுன் பரிசோதனை செய்யலாம். ஆனால் அவர்களுடைய பட்டியல் இன்றைய கார்களுக்கானது. சில்லை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கண்ட குறைகளை மூன்றாகப் பிரியுங்கள்: வெல்டிங் வேலை, இயந்திர வேலை, அழகு வேலை. முதலாவதைப் பட்டறையில் காட்டி எழுத்தில் மதிப்பீடு வாங்கி, முழுமையாகக் கழியுங்கள். இரண்டாவதில் பாதி கழிந்தால் போதும். மூன்றாவதைப் பேரத்தில் கொண்டுவராதீர்கள். கீறலுக்காக வாதாடினால் சில்லைப் பற்றி நீங்கள் சொல்வதை விற்பவர் காதில் வாங்க மாட்டார்.

பெயர் மாற்றத்தை ஆணையத்தின் இணையத்தளத்தில் சிங்பாஸ் மூலம் முடிக்குமுன் காப்புறுதியை உறுதிசெய்யுங்கள். பழைய காருக்குக் காப்புறுதி தர எல்லா நிறுவனமும் முன்வராது.

கார் வீட்டுக்கு வந்ததும் பெயிண்டைப் பார்த்துப் பாலிஷ் வாங்க ஓடாதீர்கள். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. பத்தாண்டு பழையதென்றால் மேற்பள்ளங்கள் தேயாமல் இருந்தாலும் மாற்றுங்கள். பிரேக் எண்ணெய், ரப்பர் குழாய்கள், பெட்ரோல் குழாய் அதற்கடுத்து. கிங்பின்னுக்குக் கிரீஸ். பிறகு சில்லுக்குள் துருத்தடுப்பு மெழுகு அடியுங்கள். அடிக்குமுன் அடியிலுள்ள வடிகால் இடைவெளிகளைக் கம்பி விட்டுத் திறந்துவிடுங்கள், அடித்தபின் அடைத்துவிட்டதா என்று மறுபடி பாருங்கள்.